சம்பளக் கவர் கேட்ட அப்பா

மார்ச் 2
எழுபத்தொரு வயதில் நாட்குறிப்பு எழுதுகிறேன்! ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிப்போகிறது. ஆறட்டும். எனக்கென்ன, ரயிலுக்கா நேரமாகிறது?

முதியோர் எழுத்தறிவு வகுப்பு முடிந்து இறங்கும்போது அறிவிப்புப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'வேலைக்குப் போகும் இளைஞர்களுக்குப் பணப் பாடம். சனி மாலை.' கீழே ஆசிரியர் பெயர். என் மகள் பெயர்! நான் வைத்த பெயர்தான். எழுத்தில் இன்றுதான் பார்த்தேன்.

அவள் குரல் கேட்டுப் பதினொரு வருஷம்.

மார்ச் 7
போனேன். கடைசி பெஞ்ச். தையல் ஆலைப் பெண்கள், பார்சல் கொண்டுபோகும் பையன்கள், நடுவில் என் வழுக்கை.

"ஐயா, இது சின்னவங்க வகுப்பு," என்றாள் மகள்.

"நானும் இப்பதாம்மா கத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "உட்காருங்க ஐயா."

ஐயா!

மார்ச் 14
சம்பளம் சொந்தக் கணக்கில் விழ வேண்டும், ரகசிய எண்ணைப் பெற்றவர்களிடம்கூடச் சொல்லக் கூடாது என்றாள். ஏன் என்று ஒரு வாயாடிப் பெண் கேட்டாள். 'பட்டாசு' என்றுதான் அவளைக் கூப்பிடுகிறார்கள்.

"ஒரு பொண்ணு ஆறு வருஷம் கவரைப் பிரிக்காம அப்பா கையில குடுத்தா. பிறகு படிக்கணும்னு பணம் கேட்டா. தம்பி படிப்புக்குக் கட்டியாச்சுன்னுட்டார்."

"அந்தாளு உருப்படுவானா மிஸ்?" என்றாள் பட்டாசு.

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தானே அந்தாளு. குடும்பத்துக்காகத்தானே வாங்கினேன்? ஆனா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கலியே.

மார்ச் 20
'அப்பா' என்று எழுதிப் பார்த்தேன். மூன்றே எழுத்து. கூப்பிடத்தான் ஆளில்லை.

மார்ச் 21
வீட்டில் 'தர மாட்டேன்' என்று சொல்வதற்கு இன்று பயிற்சி. நடித்துக் காட்ட ஓர் அப்பா வேண்டும். பட்டாசு என்னை இழுத்து நிறுத்தினாள். "வாங்க தாத்தா, உங்க மீசைக்கு வில்லன் வேஷம் பொருந்தும்."

கையை நீட்டி நின்றேன். மூன்று பேர் மறுத்தார்கள். நாலாவது பெண் தலைகுனிந்து கவரைக் கொடுத்துவிட்டாள். "எங்கப்பா நிக்கற மாதிரியே இருக்கு மிஸ். வாய் வரல."

"நீங்க செஞ்சு காட்டுங்க மிஸ்!" என்றார்கள்.

மகள் வந்து என் எதிரே நின்றாள். கவரை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"சம்பளத்தக் குடும்மா." மறுபடி கையை நீட்டினேன்.

"தர மாட்டேன், அப்பா. இது என் உழைப்பு." நிறுத்தினாள். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே பாதி குடுத்திருப்பேன்."

அந்தக் கடைசி வரி பாடத்தில் இல்லை.

கையை மடக்கிக்கொண்டேன். "சரிம்மா. அது உன்னோடது. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் திரும்பிப் பலகையை அழித்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அப்பா என்றாள். நடிப்புக்குத்தான். இருந்தாலும் —

மார்ச் 25
கைப்பேசி அடித்தது. மகள்! வருகைப் பதிவில் நான் எழுதிய எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். என் கோழிக் கிறுக்கல் அவளுக்குப் புரிந்திருக்கிறது!

"செவ்வாய்க்கிழமை வேற இடத்துல வகுப்பு. அங்கயும் அப்பாவா நிக்க ஆள் வேணும்."

"வரேம்மா."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அங்க படி ஜாஸ்தி. மெதுவா ஏறி வாங்கப்பா."

செவ்வாய்க்கு இன்னும் ஆறு நாள்.