கண்ணாடியைக் கழற்றச் சொல்லவில்லை

இன்று காலை துறைமுகம் போகும் மினி பஸ்ஸில் யாரோ நீலகிரித் தைலம் தேய்த்திருந்தார்கள். உன் மேசையின் வாசனை. பீனிசத்துக்கு உனக்கு அதுதான் மருந்து. கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்துகொண்டே சரக்குப் பட்டியலைத் தட்டச்சு செய்வாய். செத்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நம்புகிறவள் அல்ல நான். வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் உனக்கு எழுதுகிறேன்.

அந்த வாரம் ஊரெங்கும் மெட்ராஸ் ஐ. திங்கட்கிழமை நீ கறுப்புக் கண்ணாடியோடு நுழைந்ததும் ஆபீஸே முகத்தைத் திருப்பிக்கொண்டது. நீ வழக்கம்போல என் எதிரே வந்து உட்கார்ந்தாய்.

"ஏளா, பாத்தா ஒட்டிக்கிடும்னு நீயுமா பயப்படுத? எம்.எஸ்ஸி. படிச்சவல்லா!"

"பாத்தால்லாம் ஒட்டாது. தொட்டாத்தான் ஒட்டும்" என்றேன். சொன்னேனே தவிர, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு கண்ணுதான். உள்ள இருந்து யாரோ தள்ளுத மாதிரி இருக்கு. காச்ச வேற."

"ஒண்ணுலதான் ஆரம்பிக்கும். சொட்டு மருந்து போட்டுட்டு மூணு நாள் வீட்ல கெட."

கண்ணில் தாய்ப்பால் விடச் சொன்ன மாமியாரிடம் சண்டை போட்ட நீ, என் பேச்சைக் கேட்டாய்.

புதன்கிழமை போன் செய்தாய். "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுளா. நம்ம மேனேஜரும் ரெண்டாத் தெரிஞ்சா என்ன செய்ய? ஒருத்தனையே தாங்க முடியல." இருவரும் சிரித்தோம். மறுநாள் உனக்கு நினைவு தப்பியது.

பீனிசத்தால் மூக்கை ஒட்டிய எலும்பறையில் தேங்கிய சீழ் கண்குழிக்குள் புகுந்து, அங்கிருந்து மூளைவரை போய்விட்டது என்றார் டாக்டர். முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். "கண்ணு எப்ப இருந்து வெளிய தள்ளியிருக்கு?" என்று கேட்டார். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மூன்றடி தூரத்தில் அரைநாள் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு வருஷமும் உன் நினைவுப் பூசை முடிந்ததும், கோயில் வாசலில் உன் வீட்டுக்காரர் என்னைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுகிறார். "எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாவ. இந்த அக்கா ஒருத்திதான் பயப்படாம அவ மொகத்தப் பாத்துப் பேசுனாவ. அவளே சொன்னா."

கண்ணாடிக்குள்ளிருந்து உனக்கு அப்படித்தான் தெரிந்ததா? இல்லை, எனக்காகச் சொன்ன பொய்யா?

இந்த வருஷமும் அவர்கள் என்னைப் பார்த்துக் கை கூப்பினார்கள். நானும் கூப்பினேன்.