பவழம் என்று எழுதியவள்

இன்று ஆசிரியர் அறை அலமாரியைத் திறந்ததும் கிராம்பு வாசனை. பல்வலிக்கென்று நீ வாங்கி வைத்த பொட்டலம் இன்னும் மூலையில் கிடக்கிறது, மச்சான். யாரும் எடுத்துப்போடவில்லை.

தாம்பரத்தில் இந்தப் பள்ளிக்கு நாம் இருவரும் ஒன்றாகத்தான் தமிழாசிரியர்களாக வந்தோம். தேர்வுகள் கணினிக்கு மாறிய பிறகு கேள்வியையும் விடையையும் நாம் ஏற்றுவோம், அது திருத்தும். ஏற்றியதற்கு ஓர் எழுத்து மாறினாலும் தவறு. 'கோயில்' என்று ஏற்றியிருந்த கேள்விக்குப் பாதி வகுப்பு 'கோவில்' என்று எழுதிய அன்று, நீ அகராதியோடு முதல்வர் அறைக்குப் போனாய்.

"ரெண்டும் சரிதான் மேடம். ரெண்டாவது விடையையும் சேர்க்க விடுங்க."

"ரிசல்ட் பேரன்ட்ஸுக்குப் போயிடுச்சு சார். இப்ப மாத்தினா சிஸ்டத்தையே நம்ப மாட்டாங்க."

நீ திரும்பி வந்து ஒவ்வொரு விடைத்தாளாகத் திறந்து, கையாலேயே மதிப்பெண் போட்டாய். மறுநாள் உன் லாகின் திறக்கவில்லை. பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவிடும் வேலை கொடுத்தார்கள். "வேற ஸ்கூல் பாப்போம்டா" என்றேன். "அங்கயும் இதே சாஃப்ட்வேர்தான் மச்சான்" என்று சிரித்தாய். அந்த மழைக்காலம் முடிவதற்குள் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உனக்குப் பிறகு, கையால் மதிப்பெண் போடும் வசதியையே எடுத்துவிட்டார்கள். கேள்வியும் விடையும் தலைமை அலுவலகத்திலிருந்து வருகின்றன.

நேற்று பீர்க்கன்கரணையிலிருந்து வரும் ஒரு பெண் என் மேசை முன்னால் நின்றாள். கடலில் விளையும் சிவப்பு மணி எது என்பது கேள்வி. கணினிக்குத் தெரிந்தது 'பவளம்'. அவள் எழுதியது 'பவழம்'. அந்த ஒரு மதிப்பெண்ணில், நான் அழைத்துப்போகவிருந்த மாவட்டப் போட்டி அணியில் அவள் இடம் போய்விட்டது.

"நான் எழுதினது தப்பா சார்?"

"தப்பில்லம்மா."

"அப்ப ஏன் சார் தப்புன்னு வந்திருக்கு?"

முதல்வரிடம் போனேன். உனக்குச் சொன்னதையே எனக்கும் சொன்னார். "அப்ப அந்த டீமை நான் கூட்டிட்டுப் போகல மேடம்" என்றேன். "சரி, வேற சாரை அனுப்பிக்கறேன்" என்றபடி அவர் அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கினார். வகுப்புக்கு வந்து இரண்டு சொல்லையும் கரும்பலகையில் எழுதி, இரண்டும் சரி என்றேன். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. திரையில் அவள் விடை இன்னும் தவறுதான்.

கேள்வி எழுதி முடித்ததும் நீ என் பக்கம் திரும்பி, "புள்ளைங்க இதை வேற எப்படி எழுதும், சொல்லு" என்பாய். இப்போது கேள்வி எழுதும் வேலை எனக்கில்லை. ஆனாலும் ஒவ்வொரு சிவப்புக் குறியிலும் உன் குரல் கேட்கிறது. பதில் தெரிகிறது, மச்சான். சேர்க்கத்தான் இடமில்லை.