என் இடப்பக்கம்

மார்ச் 3

சலூனில் இன்று கூட்டம்தான். பேச்சுதான் இல்லை. நான் கத்திரியை எடுத்தால் எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பின்கழுத்து வெட்ட வசதி, அது வேறு விஷயம். என் மனைவி இருந்திருந்தால் அவளிடம் இதைச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

மாலையில் அவள் வேலை பார்த்த சலவைக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். டை கட்டியிருந்தார். ஒரு தாளை நீட்டி, "கம்பெனியா மனசு வந்து குடுக்குறது சார், விட்டுடாதீங்க" என்றார். படித்துப் பார்த்தேன். 'பணியாளரின் கவனக்குறைவால் நேர்ந்த மரணம்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

கவனக்குறைவா? தெருமுனை வரை வந்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பவள். ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துத் துவைத்தே கைத்தோல் உரிந்தவள். மின்சாரம் தாக்கி அந்தத் துவைக்கும் இயந்திரத்தின் முன்னாலேயே விழுந்தாள். பணத்தை வைத்துக்கொள்ளட்டும். அந்த வரிக்குக் கீழே என் பெயர் வராது.

மார்ச் 4

மகள் போன் செய்தாள். "கேஸு போட்டா அம்மா எழுந்து வந்துடுவாங்களாப்பா? கையெழுத்துப் போட்டுட்டு பேசாம எங்ககூட வந்து இருங்க."

சுருக்கென்றது. ஏதோ கத்திவிட்டேன். அவளும் தாயை இழந்தவள்தானே, அவளிடம் போய்... கடைசியில் "சாப்பிட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பொய்.

மார்ச் 12

இலவச சட்ட உதவி மையம் ஒரு வங்கிக்கு மேல் மாடியில் இருக்கிறது. வக்கீலம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மேசையில் கோப்புகள் மலையாகக் குவிந்திருக்க, நடுவில் முகம் மட்டும் தெரிந்தது. யாரோ அந்தப் பெண்ணின் முடியைக் கோணலாக வெட்டி வைத்திருக்கிறார்கள். வாயை அடக்கிக்கொண்டேன்.

"அவங்க எப்படிப்பட்டவங்க, சொல்லுங்கய்யா."

"நல்லவம்மா."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. வேற?"

வேறு என்ன? இத்தனை வருஷம் கூட இருந்தவளைப் பற்றிக் கேட்டால் எனக்கு ஒன்றும் வரவில்லை. ஊர்க்கதையெல்லாம் பேசுகிற வாய். வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 20

நாங்கள் போட்ட வழக்குக்குக் கம்பெனியின் பதில் வந்திருக்கிறது. வக்கீலம்மா படித்துக் காட்டினாள். பிரேதப் பரிசோதனையில் மின்சாரம் சுட்ட காயம் வலது உள்ளங்கையில் இருக்கிறதாம். சுவரில் உள்ள சுவிட்சுப் பெட்டியைத் தொடக் கூடாது என்று எச்சரித்திருந்தார்களாம். அதையும் மீறி ஈரக் கையோடு திருகினாளாம்.

"மெஷின்லதான் கோளாறுன்னு காட்டலாம்னா, அந்த மெஷினையே தூக்கிட்டுப் புதுசு போட்டுட்டாங்கய்யா. சுவிட்சைத் திருப்புறவங்க வலது கையாலதானே திருப்புவாங்க? அவங்க சொல்றதுதான் எடுபடும்."

சரிம்மா என்று வந்துவிட்டேன். பேருந்தில் ஏறாமல் நடந்தே வந்தேன். சீக்கிரம் வீட்டுக்கு வந்து என்ன செய்யப் போகிறேன்.

ஏப்ரல் 21

பேருந்து நிறுத்தத்தில் நெட்டையைப் பார்த்தேன். என் மனைவி தன்கூட வேலை பார்த்த பெண்ணுக்கு வைத்த பெயர்தான் அது. விரிப்பின் ஒரு முனையை இவள் பிடிப்பாள், மறுமுனையை நெட்டை பிடிப்பாள், இரண்டு பேரும் நடந்து வந்து மடிப்பார்கள். இயந்திரத்தைப் பற்றி வாயெடுத்ததுமே அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னைக் கேக்காதீங்கண்ணே. வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

வராத பேருந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? எல்லோருக்கும் வயிறு இருக்கிறது.

ஏப்ரல் 29

காலையில் பால் பாக்கெட்டை வெட்ட அடுப்படிக் கத்திரியை எடுத்தேன். வெட்டவில்லை. பிளாஸ்டிக்கை மடக்கி மென்றது. கத்திரியிலேயே பிழைப்பு நடத்துகிறவனுக்கு ஒரு பால் பாக்கெட் ஆட்டம் காட்டுகிறது என்று சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இது அவள் கத்திரி. சலூனுக்குச் சாமான் போடுகிறவரிடம் சொல்லிவைத்து நான் வாங்கிக் கொடுத்த இடது கைக் கத்திரி.

சுற்றிப் பார்த்தேன். கரண்டிகள் அடுப்புக்கு இடப்பக்கம். கோப்பைகளின் காதுகள் எல்லாம் இடப்பக்கம். நான்தான் ஒவ்வொரு நாளும் ஒன்றைத் திருப்பிப் பிடித்துக் குடித்திருக்கிறேன், அது ஒரு விஷயம் என்றே தெரியாமல். பெஞ்சில் அவள் எப்போதும் என் இடப்பக்கம்தான். கல்யாணமான புதிதில் வலப்பக்கம் உட்கார்ந்தாள், சாப்பிடும்போது முழங்கையும் முழங்கையும் முட்டிக்கொண்டது. "இது சரிப்படாது, நகருங்க" என்று மாறி உட்கார்ந்தாள். அதற்கப்புறம் முட்டியதே இல்லை.

சுவிட்சைத் திருப்பியிருந்தால் இடது கையால்தானே திருப்பியிருப்பாள்? வலது கை அவளுக்கு வெறும் பிடிமானத்துக்கு. இயந்திரத்தின் கதவுக் கைப்பிடியை வலது கையால் பிடித்துக்கொண்டு இடது கையால்தான் ஈரத் துணியை உருவுவாள். எத்தனை தடவை செய்து காட்டியிருக்கிறாள்! கைப்பிடியில்தான் மின்சாரம் பாய்ந்திருக்கிறது. இயந்திரத்தில்தான்.

ஐயோ, இதை ஏன்டா சொல்லாம விட்டே? யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவள் இடது கைக்காரி என்பது எனக்கு அவளுக்கு மூக்கு இருப்பது மாதிரி.

ஏப்ரல் 30

சொன்னதும் வக்கீலம்மா எழுந்து நின்றுவிட்டாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள். "கேஸுக்காகப் புருஷன் கதை கட்டுறாரும்பாங்கய்யா. கம்பெனிக்காரங்க வாயாலயே வரணும்."

படியில் பாதி இறங்கியவன் நின்றேன். மறுபடி மேலே ஓடினேன். மூச்சு வாங்கியது. "அம்மா, அங்க யாருமே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாங்க. சூப்பர்வைசர்கூட."

எப்படிக் கூப்பிடுவார்கள் என்று சொன்னேன். வக்கீலம்மா சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். "வெளிய மூச்சு விட்டுடாதீங்கய்யா."

ஜூன் 8

வாய்தா.

ஜூலை 6

வாய்தா. நீதிபதி விடுப்பு. என்னைப் போல வந்து திரும்பிய ஒருவர் தாடியோடு இருந்தார். சலூனுக்கு வாங்க, பணம் வேண்டாம், சும்மா பேசிக்கொண்டிருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

ஜூலை 27

சூப்பர்வைசர் சாட்சிக் கூண்டில் ஏறினார். என் பக்கமே திரும்பவில்லை. சுவிட்சுப் பெட்டி, எச்சரிக்கை எல்லாவற்றையும் ஒப்பித்தார். பிறகு எங்கள் வக்கீலம்மா எழுந்து, வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும், உள்ளே சத்தம் அதிகமா என்று ஒன்றுமில்லாததை எல்லாம் கேட்டாள். அவரும் தளர்ந்து பேச ஆரம்பித்தார்.

"அவ்வளவு சத்தத்துல, இறந்துபோனவங்க தூரத்துல நின்னா எப்படிக் கூப்பிடுவீங்க?"

"லெஃப்டக்கான்னு கத்துவேங்க."

யோசிக்கவே இல்லை. பழக்கம், பாவம்.

"ஏன் லெஃப்டக்கா?"

கம்பெனி வக்கீல் குதித்து எழுந்தார். நீதிபதி கையைக் காட்டி உட்கார வைத்தார். சூப்பர்வைசர் இப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"எல்லாம் இடது கையாலதாங்க செய்வாங்க."

"எல்லாம்னா?"

"...எல்லாமேதாங்க."

பறந்து வந்த மாதிரி வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்துகொண்டே "ஏய், இங்க கேளேன்" என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17

நெட்டை தானாகவே வந்து சாட்சி சொன்னாள். "கைப்பிடி சுள்ளுனு இழுக்குதுன்னு நானும் அக்காவும் ஆபீஸ்ல போய்ச் சொன்னோம். பாக்கலாம்னாங்க." நான் நன்றி சொல்வதற்குள் போய்விட்டாள்.

செப்டம்பர் 14

தீர்ப்பு. கம்பெனிதான் பொறுப்பு. 'இறந்தவரிடம் எவ்விதக் கவனக்குறைவும் இல்லை.' நீதிபதி படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொல்ல முடியுமா? மகளுக்குப் போன் போட்டு அந்த வரியைச் சொன்னேன். அழுதாள். "நீங்க செஞ்சதுதான்பா சரி" என்றாள். வக்கீலம்மாவிடம் ஒருநாள் சலூனுக்கு வரச் சொன்னேன். அந்த முடியைச் சரி செய்யாமல் விடுவதாக இல்லை.

நெட்டையும் வந்திருந்தாள். இப்போது வேறு இடத்தில் வேலையாம். நீதிமன்றத்துக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் எப்போதும் போல வலது ஓரத்துக்கு நகர்ந்துகொண்டேன். அவள் என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். டீயை எடுத்துக் குடிக்கப் போனாள். அவள் வலது முழங்கை என் கையில் இடித்து, டீ என் சட்டையெல்லாம் கொட்டியது.

"ஐயோ அண்ணே, சுட்டுடுச்சா?" என்று பதறினாள்.

அந்தப் பக்கத்திலிருந்து என்னை யாரும் இடித்ததே இல்லை.

"இல்லம்மா, சுடலை" என்றேன். அழுகையை நிறுத்த முடியவில்லை.