மூன்றாவது நொசில்

2004 டிசம்பர் 24, வெள்ளி

ஜும்மா முடிந்த கையோடு காத்தான்குடியிலிருந்து முத்தலிப் காக்கா என் எஞ்சின் திருத்தும் கடைக்கு வந்தார். போட் எஞ்சின் கரும்புகை கக்குகிறதாம். எஞ்சினுக்குள் டீசல் விசிறும் மூன்று நொசில்களையும் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். சோதனைப் பம்பில் ஒவ்வொன்றாகப் பூட்டிக் கைப்பிடியை அமத்தினேன். இரண்டு புகையாக விசிறின. மூன்றாவதன் நுனியில் டீசல் சொட்டியது; புகைக்குக் காரணம் அதுதான்.

"நாளைக்குப் பின்னேரம் மகன் றிஸ்வி கடலுக்குப் போகணும், கொலின் பாஸ். எப்பிடியும் தந்திருங்க."

ஊசியில் பசை தடவித் தேய்த்தால் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. ஆனால் வீட்டில் மனைவி வயலட் கேக் வெட்டக் காத்திருக்கிறாள். நாளை நத்தார்; எனக்கும் பண்டிகை மனம் வந்துவிட்டது. இது தேய்க்கச் சரிவராது, புதுசு கொழும்பிலிருந்து வரவேண்டும், திங்கட்கிழமைக்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டேன். நம்பி, நொசில்களை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். சின்னப் பொய்தானே.

டிசம்பர் 28

ஞாயிறு காலை கடல் ஊருக்குள் வந்தது. டச்பார் கரையில் வயலட்டின் அக்கா பிறெண்டாவின் சடலத்தை இன்றுதான் கண்டெடுத்தோம். எழுத முடியவில்லை.

டிசம்பர் 31

றிஸ்வியும் போய்விட்டான். கரையில் இழுத்து வைத்த போட்டுக்குப் பக்கத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருந்தானாம். ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள் - அங்கே அலை தெரியவே இல்லையாம். போயிருந்தால் அவனும் வந்திருப்பான்.

ஒரு மணித்தியாலம். ஒரு மணித்தியாலம்தானேடா கொலின்.

2005 பெப்ரவரி 6

காக்கா வீட்டுக்குப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன்ட விதி, பாஸ். சாமான் கொழும்பில எண்டா நீங்க என்ன செய்யிற?"

சொல்ல வாயெடுத்தேன். தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன். கோழை.

2007 மார்ச் 14

வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம் ஷெல் விழுகிறது. வாவியைக் கடந்து சனம் வந்தபடி இருக்கிறது. பள்ளிக்கூடங்கள் நிறைந்துவிட்டன. கடையில் வேலை இல்லை. காக்காவின் மூன்று நொசில்களையும் துடைத்து, போத்தலில் புது டீசல் ஊற்றி வைத்தேன். மூன்றாவதை இன்னும் தேய்க்கவில்லை. கை போகவில்லை.

2009 மே 19

சண்டை முடிந்ததாம். வயலட் றேடியோவை நிறுத்திவிட்டாள்.

ஓகஸ்ட் 8

நாலரை வருடத்துக்குப் பிறகு முத்தலிப் காக்கா கடைக்கு வந்தார். சண்டைக்காலத்தில் மீன்பிடிக்குப் போட்ட கடல்தடை தளர்ந்துவிட்டது. அலைக்குப் பிறகு மணலில் தோண்டியெடுத்த பழைய எஞ்சினை வேறொரு போட்டில் ஏற்றியிருக்கிறாராம்.

"நம்மட நொசில் கிடக்கா, பாஸ்?"

போத்தலை எடுத்தேன். மூன்றாவதற்குப் பதிலாகப் புதுசு ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். முடியவில்லை. அவர் கண்முன்னே பசை தடவித் தேய்த்தேன். கழுவி, பூட்டி, அமத்தினேன். சொட்டு இல்லை. நாற்பது நிமிடம் எடுத்தது.

காக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "கொழும்பால வரணும் எண்டீங்களே."

"பொய் சொன்னன் காக்கா. நத்தாருக்கு வீட்ட போற அவசரம்."

முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நொசில்களைச் சீலைத்துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தார். போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை.

ஒக்டோபர் 3

காக்கா வந்தார். எஞ்சினின் டீசல் பம்பை மேசையில் வைத்தார்.

"எவ்வளவு நேரமெடுக்கும்? சரியாச் சொல்லுங்க."

"மூணு மணித்தியாலம்."

பலகை வாங்கை இழுத்து மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். மூன்று மணித்தியாலமும் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.