மிதவை இறங்கும்வரை

டெரிகான்,
பாயில் அஞ்சல்,
4 பிப்ரவரி 1986

அன்புள்ள மகன் ஃபின்டனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எப்போதும்போல் ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை அந்த வரியை எழுத மறுக்கிறது. நீயும் மருமகளும் ஓர்லாவும் அங்கே கவென்ட்ரியில் சுகமாக இருந்தால் போதும்.

முதலில் ஓர்லாவின் கடிதம். மூன்று பக்கம், ஒரு அடித்தல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற எல்லோருக்கும் காட்டினேன். வேண்டாம் என்றவர்களுக்கும் காட்டினேன். நான் ஐந்தாம் வகுப்போடு கோழி பார்க்க வந்துவிட்டவள். ஒன்பது வயதில் இப்படி எழுதுகிற பெண் நம் குடும்பத்தில் இதுவரை பிறக்கவில்லை. உறையைப் பார்த்துவிட்டு, யாரோ வக்கீல் எழுதியிருக்கிறார் என்றே தபால்காரர் நினைத்தாராம். ஆனால் கடைசியில், தாத்தா ஏன் போனில் பேசுவதே இல்லை என்று கேட்டிருக்கிறாள். அதற்கு என்ன சொல்வாயோ சொல்லிக்கொள். எனக்குக் காது மந்தம் என்று அவள் ஏற்கெனவே நம்புகிறாள், அவருக்கும் அப்படியே என்று சொல்லிவிடு.

இனி உன் அப்பா. போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கணையத்தில் கட்டி. திறந்து பார்த்து அப்படியே தைத்துவிட்டார்களாம். டாக்டர் சின்னப் பையன், தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். ஈஸ்டர் வரை இருக்கலாம், கோடை பார்க்கமாட்டார் என்றான். உன் அப்பாவுக்கும் தெரியும், தானே கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் இன்னொன்று கேட்டேன்: இது குடியால் வந்ததா? இல்லை, முன்பு வந்த வயிற்றுப்புண் வேறு, இது வேறு என்றான். உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான்.

மாடி ஏற முடியாததால் கட்டிலை முன் அறைக்கு இறக்கிவிட்டோம். பக்கத்து வீட்டு பாக்கி ரஷ் வந்து தூக்கிக் கொடுத்தான். போன் அந்த அறை வாசலில்தான் மாட்டியிருக்கிறது, நான் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், ஸ்டவுட் காய்ச்ச வேண்டும் என்றார். மாத்திரை மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். இல்லை. கடையில் வாங்கும் கறுப்பு பீர் வேண்டாமாம், தான் காய்ச்சியதுதான் வேண்டுமாம். நான்கு வருடம் முன்பு நீ அந்தப் பீப்பாயை முற்றத்துச் சாக்கடையில் கொட்டியதற்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை, தெரியுமா உனக்கு? உன் அப்பாவின் வயிற்றுக்காக நீ செய்தாய். அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்துச் செய்தாய், அதுதான் தவறு. நம் கோழிகள் இரண்டு நாள் தள்ளாடிக்கொண்டு திரிந்தன. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அவர் சொன்ன வார்த்தைக்குச் சிரிப்பு வராது.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில், உறுதிபூசுதல் அன்று, குடிக்கமாட்டேன் என்று பிஷப் முன்னால் வாக்குக் கொடுத்தவள். அந்த வாக்குக்கு அடையாளமாகக் கொடுத்த சின்ன ஊசியைச் சட்டையில் குத்தாமல் ஒருநாளும் வெளியே போனதில்லை. என் அப்பா மதுக்கடையிலிருந்து எப்படி வீடு திரும்புவார் என்று பார்த்து வளர்ந்தவள். உன் அப்பாவை ஏன் கட்டிக்கொண்டேன் என்றால், அவர் தானே காய்ச்சியதைத்தான் குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாட்டில், அது தீர்ந்தால் அடுத்தது பக்குவமாகும்வரை சும்மா இருப்பார்.

ஆகவே நேற்று காய்ச்சினோம். அவர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்போரம் நாற்காலியில், நான் நின்றபடி. முதலில் பார்லியை அடுப்பில் வறுத்தேன். கறுப்பாக வேண்டும், கரியாகக் கூடாது. அது மட்டும் எப்போதும் என் மூக்கை நம்பித்தான் செய்வார். பிறகு அதையும் முளைகட்டிய பார்லி மால்ட்டையும் சுடுதண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தெர்மாமீட்டர் எங்கே என்று தெரியாமல், நான் பழக்கத்தில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கையைத் தண்ணீரில் விடப் போனேன். அவர் கத்தினார்:

"முழங்கை வெந்துடும் டீலியா. இது ஃபின்டனைக் குளிப்பாட்டுற தண்ணி இல்ல."

சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். நான்கு வருடத்தில் உன் பெயர் அவர் வாயில் வந்தது இதுதான் முதல் தடவை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வெட்கப்படுவார். கிண்டிக்கொண்டே இருந்தேன்.

இதற்காக வா என்று நான் கேட்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான். நாள் முழுதும் நின்றதில் முட்டி வீங்கியிருக்கிறது. படுக்கப் போகிறேன். கடவுள் உங்கள் மூவரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா
டீலியா


டெரிகான்,
24 பிப்ரவரி

அன்புள்ள ஃபின்டன்,

உன் கடிதம் வந்தது. அப்பா என்னைக் கேட்டாரா என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். பொய் எழுதத் தெரியாது எனக்கு. கேட்கவில்லை. அவர் வாயால் கூப்பிட்டால்தான் வருவேன் என்கிறாய். அவரோ கூப்பிடத் தெரியாத மனிதர். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கடிதம் சுமந்தே என் காலம் போய்விடும் போலிருக்கிறது. இதுவரை உன்னிடம் கோபப்பட்டதில்லை. இன்றும் கோபம் இல்லை, அலுப்புதான்.

காய்ச்சியதைப் புளிக்க வாளியில் மூடி அவர் கட்டிலின் கால்மாட்டில் வைத்திருந்தோம், வீட்டில் சூடு இருப்பது அந்த அறையில் மட்டும்தான். மூடியில் உள்ள குழாய் வழியே குமிழி வெளியேறும், களுக் என்று ஒரு சத்தம் வரும். கண்ணை மூடிக்கொண்டு அதை எண்ணுவார். நிமிடத்துக்கு எத்தனை என்று என்னிடம் சொல்வார். பனி விழுந்த வாரத்தில் சத்தம் நின்றுவிட்டது. அவருக்கு வைத்த வெந்நீர்ப் பையை எடுத்து வாளிக்குக் கட்டச் சொன்னார். தன் கால் ஏற்கெனவே குளிர்ந்துதான் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது என்றார். மறுநாள் வந்த நர்ஸ் டான்ஸி பார்த்துவிட்டு, "இதுல நோயாளி யாரு, நீங்களா வாளியா?" என்று அவரிடம் கேட்டாள். வாளிதான் பிழைக்கும், அதைப் பாருங்கள் என்றார் உன் அப்பா. அவள் சிரித்தாள். சமையலறைக்கு வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நான் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டிலில் அடைத்த பிறகும் நான்கு வாரம் கிடக்க வேண்டும். நாட்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், எனக்குப் பயம் வந்தது. சீக்கிரம் அடைத்துவிடலாமே என்றேன். பாக்கியும் அதையே சொன்னான். உன் அப்பா கண்ணாடி மிதவையை எடுத்துவரச் சொன்னார். அதைப் பீரில் விட்டால் சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும். சர்க்கரை தீரத் தீர மிதவை கீழே இறங்கும். இன்னும் இரண்டு கோடு இறங்க வேண்டியிருந்தது. இப்போது அடைத்தால் பாட்டில் வெடிக்கும், வெடிக்காவிட்டாலும் வாயில் பாகு மாதிரி இருக்கும், பாகு குடிக்கவா இவ்வளவு பாடு என்றார். நேரம் இல்லாதவர் காத்திருக்கிறார், எனக்குத்தான் பொறுக்கவில்லை.

மூன்று நாள் ஒரே கோட்டில் நின்ற பிறகுதான் சரி என்றார். போன செவ்வாய்க்கிழமை அடைத்தோம். முப்பத்தெட்டு பாட்டில் கழுவினேன். விரல்கள் இன்னும் மடங்கவில்லை, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். ஓர்லாவிடம் காட்டாதே, பாட்டியைத் திருத்துவாள்.

கடைசி மூடியை அடித்து முடித்ததும், பாட்டில்களை எங்கே அடுக்க என்று கேட்டேன். ஆறு பாட்டிலைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். யாருக்கு என்றேன். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவனுக்குத்தான். வேணும்னா கொட்டட்டும். ஆனா இங்க வந்து கொட்டணும்."

அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உன் அப்பாவுக்கு இதைவிட நன்றாகக் கூப்பிடத் தெரியாது. மற்றது உன் விருப்பம்.

மருமகள் அனுப்பிய கம்பளிக் காலுறை வந்தது, அவர் போட்டிருக்கிறார். மரியன்னை உங்கள் வீட்டுக்குக் காவல் இருக்கட்டும்.

அம்மா


டெரிகான்,
19 மார்ச், புதன்

என் மகனே,

ஈஸ்டருக்கு ஓர்லாவின் பள்ளி மூடியதும் வரப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து எனக்கு உட்கார வேண்டியிருந்தது. சந்தோஷத்தில்தான். ஆனால் நேற்று நர்ஸ் டான்ஸி ஊசி போட்டுவிட்டு என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். இதுவரை அவளும் ஈஸ்டர் என்றுதான் சொல்லிவந்தாள். நேற்று அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கட்டிலுக்கு மாற்றுத் துணி எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

நேற்றுதான் முதல் பாட்டிலைத் திறந்தோம். முந்தாநாள் பாட்ரிக் திருநாளுக்கே திறக்கலாம் என்று பாக்கி சொல்லிப் பார்த்தான். ஊரே குடிக்கிறது என்பதற்காகப் பீர் சீக்கிரம் பக்குவமாகாது என்று உன் அப்பா மறுத்துவிட்டார். ஒரே ஒருநாள் வித்தியாசம்தான், ஆனால் அவர் கணக்கு அவருக்கு. மதியம் சாய்த்து உட்காரவைத்தேன். பாக்கி ஊற்றினான். கறுப்பாக, மேலே வெண்ணெய் நிறத்தில் நுரை, விரல் கனத்துக்கு. பாக்கி தொப்பியைக் கழற்றிவிட்டான்.

அவர் ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். முகம் மாறியது. இரும்பு மாதிரி இருக்கிறது என்றார். மருந்தால் ஒரு வாரமாக அவருக்கு எல்லாமே இரும்புதான், பால்கூட. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் கண்ணில் ஒரு பயம். கட்டி என்று டாக்டர் சொன்னபோதுகூட அந்தப் பயத்தை நான் பார்க்கவில்லை. எங்கேயாவது கெட்டுவிட்டதோ, தெரியாமலே போய்விடுவோமோ என்று.

பாக்கி குடித்துப் பார்த்து, ஆகா என்றான். உன் அப்பா அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. மண்ணெண்ணெயைக் கொடுத்தாலும் அவன் ஆகா என்பான். கண்ணாடித் தம்ளரை என் பக்கம் நீட்டினார். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் ஒருமுறைகூட என்னிடம் நீட்டியதில்லை.

சட்டையிலிருந்த வாக்கு ஊசியைக் கழற்றிச் சன்னல் விளிம்பில் வைத்தேன். குடித்தேன், மகனே. முதல் வாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பாக்கி முற்றத்தைப் பார்க்கப் போவதுபோல வெளியே போய்விட்டான், நல்ல மனிதன்.

"இனிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எப்படி இருக்கிறது என்றார். எனக்கு எதோடு ஒப்பிடத் தெரியும்? ரொட்டியின் கருகிய ஓரம் மாதிரி, சர்க்கரை போடாமல் ஆறிப்போன காபி மாதிரி என்றேன். முழுங்கின பிறகு நாக்கில் என்ன நிற்கிறது என்றார். ஒன்றும் நிற்கவில்லை, காய்ந்துபோய்விட்டது என்றேன். அப்படிக் காய வேண்டும், அதற்காகத்தான் மிதவை இறங்கும்வரை உட்கார்ந்திருந்தோம் என்று தலையை ஆட்டினார். நிம்மதியாகிவிட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"நீ எனக்காகப் பொய் சொல்லுவே டீலியா. ஃபின்டன் சொல்ல மாட்டான். அவனை வரச் சொல்லு."

இதோ, கேட்டுவிட்டார். நீ கேட்டிருந்த கேள்விக்குப் பதில் இதுதான். அவருக்குப் பிடிக்காததை முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் இந்த வீட்டில் நீதான். அதற்காகத்தான் உன்னை வெளியே போகச் சொன்னார், அதற்காகவேதான் இப்போது தேடுகிறார். போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை ரிசீவரை எடுத்தேன். அவருக்குக் கேட்கும்படி அழ எனக்கு இஷ்டமில்லை. வைத்துவிட்டேன். பாக்கி இன்றே டவுனுக்குப் போய் இதை அவசரத் தபாலில் சேர்ப்பான்.

நான் யாரிடமும் எதையும் கெஞ்சியதில்லை, உனக்குத் தெரியும். இப்போது கெஞ்சுகிறேன். ஈஸ்டர் வேண்டாம். பள்ளி மூடும்வரை நிற்காதே, ஓர்லாவும் அவள் அம்மாவும் பிறகு வரட்டும். கையில் கிடைத்த சட்டையை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறு. டப்ளினிலிருந்து பாயிலுக்கு வரும் எந்த ரயிலானாலும் சரி, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பாக்கி காரோடு ஸ்டேஷனில் நிற்பான். நான் சொல்லிவிட்டேன். அவன் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டான், நீயும் எதுவும் விளக்க வேண்டாம்.

வீட்டுக்கு வரும்போது முன் அறைச் சன்னலைப் பார். நம் ஊரில் பகலில் திரை இறங்கியிருந்தால் அது சாவு வீடு என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. இறங்கியிருந்தாலும் வாசலில் தயங்கி நிற்காதே, மகனே. நேரே உள்ளே வா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குடித்துப் பார்த்து, உண்மை எதுவோ அதை வாய்விட்டுச் சொல்.

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும்.

உன் அம்மா