வகுப்பில் நீங்கள் ரீச்சர்

டோஹா, 2004

அன்பின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? வவுனியாவில் மழை பெய்கிறதா? நான் நல்ல சுகம்.

நேற்று ஓர் அறைக்கு எத்தனை டைல்ஸ் வேண்டும் என்று போர்மன் கேட்டார். ஏழாம் வாய்ப்பாட்டில் தடக்குப்பட்டு, "உம்மா!" என்று கத்திவிட்டேன். கையை வெட்டிக்கொண்டேன் என்று நினைத்து எல்லோரும் மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தார்கள்.

சின்ன வயதில் கரும்பலகைக்கு முன்னால் நின்றும் அப்படித்தான் கூப்பிடுவேன். நீங்கள் மேசையில் பிரம்பைத் தட்டி, "இஞ்ச உம்மா இல்ல, ரீச்சர்" என்பீர்கள். பிறகு வீட்டில் என் வாயில் சோறு தீத்திக்கொண்டே அதே கணக்கைச் சொல்லித் தருவீர்கள்.

ஏழாம் வாய்ப்பாட்டை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். வேலைக்குப் போகும் வண்டி ஹோன் அடிக்கிறது. அடியில் ரீச்சர் என்று போட வேண்டாம், உம்மா என்றே போடுங்கள்.

மகன்
றிப்னாஸ்