பன்னிரண்டு புள்ளி எட்டு

மார்ச் 4
எடை எழுபத்தொன்பது. இயந்திரத்தின் மேல்தான் சந்தேகம். எங்கள் வீட்டில் ஓடுகிறவள் மகள் ஒருத்திதான், எண்ணூறு மீட்டர். பயிற்சி பதினோரு பையன்களோடு. பதினைந்து நாளில் தேசிய அணிக்குத் தேர்வு ஓட்டம். பயிற்சியாளர் ரத்தப் பரிசோதனை கேட்டாராம், நான்தான் லேபுக்கு அழைத்துப் போனேன். என் போன் நம்பரைச் சொன்னதும் கவுன்டர் பெண், "சுகர் பாக்க வந்தீங்களே அங்கிள், விவரமெல்லாம் இருக்கு" என்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்டாள். ஊரே என்னைத் தெரிந்து வைத்திருப்பதில் எனக்குப் பெருமை வேறு.

மார்ச் 6
ஹீமோகுளோபின் 12.8. பக்கத்தில் கீழ்நோக்கிச் சிவப்பு அம்பு. பயிற்சியாளர் சொன்னாராம்: "பதிமூணுக்குக் கீழ போனா நான் ஓட விடமாட்டேன். வீட்ல இரு." மகள் ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அழுதிருந்தால் தேவலை.

மார்ச் 7
மாடிவீட்டு அம்மாள் துணி காயப்போடும் சாக்கில் வந்தாள். "ஆம்பளப் பசங்களுக்கு ஈடா ஓடுனா ரத்தம் சுண்டாம என்ன செய்யும்?" கீழே விழுந்த கிளிப்பைப் பொறுக்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மார்ச் 8
பீட்ரூட், பேரீச்சம்பழம், மறுபடி பீட்ரூட். "அவ குதிரை இல்லைங்க" என்றாள் மனைவி. மீதியை நான் தின்றேன். எடை எண்பது.

மார்ச் 10
காலையில் கேட்கிறாள்: "நான் இதுக்கு லாயக்கில்லையாப்பா?" மனசுக்குள் கணக்குப் போட்டேன்: பசங்க ஒண்ணு அம்பதுல ஓடுறானுங்க, இவ ரெண்டு நிமிஷம் நாலு செகண்டு. அந்தப் பதினாலு செகண்டு இவ தப்பா? — நாளை மருத்துவரிடம்.

மார்ச் 11
விளையாட்டு மருத்துவர் அம்மா காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
"இது உங்க ரிப்போர்ட்டா சார்?"
"மகளோடதுங்க."
"இதுல ஆண், வயசு அம்பத்தொண்ணுன்னு போட்டிருக்கே."
பருவ வயதில் ஆண்களுக்குச் சுரக்கும் ஹார்மோன் சிவப்பணுக்களைக் கூட்டுகிறதாம். இதயம், நுரையீரல், தசை எல்லாமே பெரிது. எப்பேர்ப்பட்ட பயிற்சி கொடுத்தாலும் உச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் நிற்குமாம். பந்தயம் தனித்தனியாக நடப்பதே அதனால்தானாம். பெண்ணுக்குப் பன்னிரண்டு இருந்தாலே சரி. "உனக்கு ஒரு குறையும் இல்லம்மா. போய் ஓடு."
வெளியே வந்ததும் மகள், "என்னை உங்களோட அளந்துட்டாங்களாப்பா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஐந்து நாளாயிற்று.
பயிற்சியாளருக்குப் போன் போட்டேன். "பன்னெண்டு வருஷமா பசங்களையே ஓட்டிட்டேன் சார். பதிமூணு மண்டையில ஒட்டிக்கிச்சு. நாளைக்கு அஞ்சரைக்கு அனுப்புங்க." மன்னிப்பு மாதிரிதான் இருந்தது. பாதித் தப்பு என்னுடையது என்பதால் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 12
ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டாள். நான் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன், ஆறு நாள் தூக்கம் பாக்கி.

மார்ச் 19
தேர்வு ஓட்டம். கடைசி நூறு மீட்டரில் கண்ணை மூடிக்கொண்டேன். மனைவி தொடையில் கிள்ளி, "முடிஞ்சிடுச்சு, தொறங்க" என்றாள். கிள்ளிய இடம் இன்னும் எரிகிறது.

மார்ச் 20
அணியோடு வெளிநாடு போக மகளின் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனோம். "சிரிக்கக் கூடாதும்மா" என்று புகைப்படக்காரர் நாலு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு எதிரே இளித்துக்கொண்டிருந்த என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார்.